விநியோகச் சங்கிலி கேள்வி-பதில்: இருப்பை எந்தப் பொருளில் ஏற்றுவது?

‘ஜஸ்ட் இன் டைம்’ முறை (இருப்பு சேர்க்காமல், தேவைப்படும் நேரத்துக்குச் சரக்கை வரவழைப்பது) காலாவதியாகிவிட்டதா? எல்லாவற்றையும் கூடுதலாக வாங்கி வைக்கலாம் என்கிறது எங்கள் நிர்வாகம்.

வேண்டாம். பணம் கிடங்கில் முடங்கும். அவசரத்துக்குத் தேவைப்படுவது அப்போதும் கையில் இருக்காது. அந்த முறையை உருவாக்கிய டொயோட்டாவே 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப் போன்றவற்றை 2 முதல் 6 மாதத் தேவைக்கு வைத்திருக்கச் சொல்லி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. 2021 தொடக்கத்தில் மற்ற கார் நிறுவனங்கள் திணறியபோது அது தாக்குப்பிடித்தது. (அதே ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. இருப்பு அவகாசம்தான் வாங்கித் தரும்.)

ஒவ்வொரு உதிரிக்கும் இரண்டு எண் வேண்டும். சப்ளையர் நின்றுபோனால் மறுபடி சரக்கு வர எத்தனை வாரம்? கையில் உள்ளதை வைத்து எத்தனை வாரம் ஓட்டலாம்? முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில் இருப்பை ஏற்றுங்கள்.

பம்ப் தயாரிக்கிறீர்கள் என்று வையுங்கள். மோட்டார் விலை அதிகம் என்பதால் எல்லோர் கண்ணும் அதன்மேல்தான். ஆனால் அது நாலு பேரிடம் கிடைக்கும். தண்டில் மாட்டும் ரப்பர் சீல் சில்லறை விலைதான், ஆனால் அதை வார்க்கும் அச்சு ஒரே ஒருவரிடம் இருக்கிறது. அச்சு உடைந்தால் புதிதாகச் செய்து, சோதித்து, ஒப்புதல் வாங்க 14 வாரம் ஆகும். கையில் 3 வாரச் சீல்தான் உண்டு என்றால், மீதி 11 வாரம் மோட்டார்கள் சும்மா கிடக்கும். பாதுகாப்பு இருப்பு சீலுக்குத்தான் தேவை. செலவும் குறைவு.

வேறொரு நாட்டில் இரண்டாவது சப்ளையரைப் பிடித்துவிட்டோம். போதுமா?

இருவருக்கும் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? ஒரே ஆலையிலிருந்து வந்தால் உங்களுக்கு இருப்பது ஒரு சப்ளையர்தான். 2021 மார்ச்சில் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலையில் தீப்பிடித்தபோது, உதிரிபாக நிறுவனங்கள் வழியாக அந்தச் சிப்பைப் பெற்றுவந்த கார் நிறுவனங்கள் தவித்தன.

தேவையைக் கணிக்க ஏஐ மென்பொருள் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அதற்கு எந்தத் தரவைக் கொடுக்கப் போகிறீர்கள்? ப்ராக்டர் அண்ட் கேம்பிள் தன் டயாப்பர் ஆர்டர்களை ஆராய்ந்தபோது, கடை விற்பனை ஏறக்குறைய சீராக இருந்தும் விநியோகஸ்தர்களின் ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கியது தெரிந்தது. இதைத்தான் ‘சாட்டை விளைவு’ என்கிறோம். அப்படிப்பட்ட ஆர்டர்களைக் கொடுத்தால் ஏஐ அந்தக் குழப்பத்தையே கற்றுக்கொள்ளும். முதலில் கடை விற்பனைத் தரவைக் கேட்டு வாங்குங்கள், அப்புறம் மென்பொருள்.

கப்பல் சொன்ன தேதிக்கு வருவதே இல்லை. எப்படித் திட்டமிடுவது?

2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் ஏராளமான கப்பல்கள் சூயஸைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஆசியா-ஐரோப்பா பயணம் 10 நாள் அளவுக்கு நீண்டது. இந்த நிலையில் சராசரி நாள் கணக்கு உதவாது. கடந்த ஓராண்டில் பத்துக்கு ஒன்பது சரக்குகள் எத்தனை நாளுக்குள் வந்தன என்று பாருங்கள். அந்த எண்ணை வைத்து ஆர்டர் போடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அலுமினியம் அனுப்புகிறோம். கார்பன் கணக்கு தேவையா?

தேவை. அங்கே எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்தது. உங்கள் உண்மையான உமிழ்வு அளவு இல்லையென்றால், இறக்குமதியாளர் ஒன்றியம் நிர்ணயித்த மதிப்பை வைத்துக் கணக்குக் காட்டுவார்; அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். உலை வாரியாக எரிபொருள் அளவுகளைப் பதியத் தொடங்குங்கள்.