'டெரிக்' ஏன் வரவில்லை?

உங்கள் இணைப்பில் கோளாறு இல்லை. ஜெர்மன் பொதுத் தொலைக்காட்சியான இசட்.டி.எஃப்.-இன் தளத்தில் 'டெரிக்' என்ற துப்பறியும் தொடரை எப்படித் தேடியும் வரவில்லை என்றீர்களே, அந்தத் தொடரை இனி மறுஒளிபரப்புவதில்லை என்று 2013-இல் அவர்களே முடிவெடுத்துவிட்டார்கள்.

காரணம் கதையில் இல்லை, நாயகனிடம். 1974 முதல் 1998 வரை 281 பாகங்களில் மூனிக் துப்பறிவாளராக வந்த ஹார்ஸ்ட் டாப்பர்ட், இளவயதில் ஹிட்லரின் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்தவர் என்பது அப்போதுதான் அம்பலமானது. ஆள் 2008-லேயே இறந்துவிட்டதால், கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. இதில் எனக்கு உறுத்துவது வேறு. அத்தனை பாகங்களையும் எழுதிய ஹெர்பர்ட் ரைனெக்கரும் எஸ்.எஸ். போர் நிருபராக இருந்தவர். அது முன்பே தெரிந்த சங்கதி. அதற்காக யாரும் தொடரை நிறுத்தவில்லை!

வெளிநாட்டில் பார்க்க முடியாதபடி போடும் நாட்டுத் தடையோ என்று சந்தேகமிருந்தால், அதே தளத்தில் அவர்களுடைய இன்னொரு துப்பறியும் தொடரான 'டெர் ஆல்டெ' தேடிப் பாருங்கள். நாட்டுத் தடை என்றால் பெரும்பாலும் தலைப்பு வரும், ஓட்டும்போதுதான் மறிக்கும்.

ஒன்று: சட்டப்படி இது தடை செய்யப்பட்ட தொடர் அல்ல, டிவிடி வாங்கிப் பார்க்கலாம். ஆனால் ஜெர்மன் பழகத்தான் என்றால் இன்னொரு ஜெர்மன் பொதுத் தொலைக்காட்சியான ஏ.ஆர்.டி.யின் துப்பறியும் தொடர் 'டாட்டோர்ட்' போதும். ஊருக்கு ஊர் பேச்சு மாறும், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.