நாண் ஏற்றினால் பிடியின் ஒரு பக்கமாக ஓடுகிறது: மரவில்லின் இரு கைகளையும் எப்படி நேர்ப்படுத்துவது?

கேள்வி ஒற்றைக் கட்டையில் செதுக்கிய வில்லைப் பற்றியது: வளைவு ஓரளவு சரியாக வந்தபின் நாண் ஏற்றினால், அது பிடியின் நடுவில் விழாமல் இடப்பக்கம் தள்ளிப் போகிறது. எங்கே மரத்தை எடுப்பது?

அரத்தைத் தொடும் முன் எந்தக் கை (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகம்) விலகியிருக்கிறது என்று பாருங்கள். பிடியில் நாண் விழும் இடம் இரண்டு நுனிகளின் சராசரிதான். மேல்கை மட்டும் 10 மி.மீ. இடப்பக்கம் போயிருந்தால் பிடியில் நாண் 5 மி.மீ. தள்ளித் தெரியும். இரண்டு கைகளும் ஒரே பக்கம் 10 மி.மீ. போயிருந்தால் நாணும் 10 மி.மீ. தள்ளித் தெரியும். மேல்கை இடப்பக்கமும் கீழ்கை வலப்பக்கமும் ஒரே அளவு விலகியிருந்தால் நாண் பிடியின் நடுவில் அழகாக விழும், ஆனால் வில் முழுக்கக் கோணல். நாணை மட்டும் பார்த்து வில் நேர் என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நாணைக் கழற்றி, பிடியின் மையக்கோட்டிலிருந்து நுனி வரை நூல் பிடித்து ஒவ்வொரு கையையும் தனியாகப் பாருங்கள். பிறகு குறைந்த உயரத்தில் (நாணுக்கும் பிடிக்கும் இடையே 7 முதல் 10 செ.மீ.) நாண் ஏற்றி மறுபடி பாருங்கள். நாண் இல்லாதபோதே விலகல் இருந்தால் அது கட்டையின் இயல்பான கோணல். நாண் ஏற்றியபின் மட்டும் வந்தால் கையின் ஒரு பக்கம் இளைத்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வில்லின் வயிறு, அதாவது எய்பவரை நோக்கும் பக்கம், உங்களைப் பார்த்திருக்க, ஒவ்வொரு கையிலும் பென்சிலால் 'இ', 'வ' என்று குறித்துவிடுங்கள். வில்லைத் தலைகீழாக்கினால் இடம் வலம் மாறிவிடும். தவறான பக்கம் செதுக்கி வில் கெட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

கை முழுக்க அளவுகோல் போல நேராக இருக்கத் தேவையில்லை. இயற்கைக் கட்டையில் நார் வளைந்து நெளிந்து ஓடும், கையும் அதோடு நெளியலாம். இரு நாண்வெட்டுகளும் (நுனியில் நாண் மாட்டும் வெட்டுகள்) பிடியும் ஒரே கோட்டில் இருந்தால் போதும். நேராக்குகிறேன் என்று முதுகின் (வயிற்றுக்கு எதிர்ப்பக்கத்தின்) நாரைக் குறுக்கே வெட்டினால் முறிவை நீங்களே விதைக்கிறீர்கள்.

சிறிய விலகலை நுனியிலேயே சரிசெய்யலாம். அதற்குத்தான் நுனியை முதலிலேயே மெலிதாக்காமல் 20 முதல் 25 மி.மீ. அகலத்தில் விட்டு வைப்பது. 22 மி.மீ. நுனியைக் கடைசியில் 12 மி.மீ. ஆக்கப்போகிறீர்கள் என்றால், அந்த 10 மி.மீ. முழுவதையும் இடப்பக்கத்திலிருந்தே எடுங்கள். நுனியின் மையம் 5 மி.மீ. வலப்பக்கம் நகரும். பிடியில் அது இரண்டரை மி.மீ., இரு நுனியிலும் செய்தால் 5 மி.மீ. நாண்வெட்டை ஆழப்படுத்துவது இதைவிடச் சின்ன மருந்து. இடப்பக்க வெட்டை 2 மி.மீ. ஆழமாக்கினால் அந்த நுனியில் நாண் ஏறக்குறைய 1 மி.மீ. வலம் வரும், பிடியில் அரை மி.மீ. இறுதி நுணுக்கத்துக்கு மட்டுமே அது. முதுகுப் பரப்பில் வெட்டை இறக்கவே வேண்டாம்.

நாண் ஏற்றியபின் மட்டும் வரும் விலகலுக்கு வயிற்றுப் பக்கம் மரம் எடுக்க வேண்டும். ஒரு கை எப்போதும் மெலிந்த பக்கம் நோக்கியே சாயும். நுனி இடப்பக்கம் போகிறதென்றால் இடப்பக்கம் இளைப்பு, வலப்பக்கம் விறைப்பு. எனவே வலப்பக்கத்து வயிற்றில் சுரண்டுங்கள். இப்படி நினைவில் வையுங்கள்: நுனி எந்தப் பக்கம் நகர வேண்டுமோ, அந்தப் பக்கத்து வயிற்றில் மரம் குறைய வேண்டும். சாய்வு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து நுனி வரை சுரண்டியால் பத்துப் பதினைந்து இழுப்பு, பிறகு வில்லை 20, 30 முறை அளவாக வளைத்துவிட்டுப் பாருங்கள். வளைக்காமல் பார்த்தால் மாற்றம் தெரியாது. தெரியவில்லையே என்று மேலும் சுரண்டினால் அந்த இடம் கீல் போல மடங்கும். சுரண்டச் சுரண்ட இழுவிசையும் (வில்லை இழுக்கத் தேவையான பலம்) குறையும். ஆகவே இந்தக் கட்டத்தில் நீங்கள் விரும்பும் இழுவிசையைவிட நான்கைந்து பவுண்டு கூடுதலாக இருக்க வேண்டும்.

கட்டையின் இயல்பான கோணலுக்குச் சூடுதான் சரி. காய்ந்த மரத்துக்கு ஹீட் கன் (சூடான காற்று வீசும் கருவி) போதும். கோணல் உள்ள இடத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, 10 செ.மீ. தள்ளிப் பிடித்து, வயிற்றையும் இரு விளிம்புகளையும் மாறி மாறி 10 முதல் 15 நிமிடம் சூடாக்குங்கள். கையால் தொட்டு வைத்திருக்க முடியாத சூடு உள்ளே வரை ஏற வேண்டும். வயிறு லேசாகப் பழுப்பானால் பாதகமில்லை. முதுகு கருகவே கூடாது. வில் வளையும்போது நீட்சி முழுவதையும் தாங்குவது முதுகின் நார்கள், கருகிய நார் அறும். பிறகு கிளாம்ப் போட்டு வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு வளைத்து, முழுக்கக் குளிரும் வரை விடுங்கள். அவிழ்த்ததும் கொஞ்சம் திரும்பி வரும். சூட்டில் மரத்தின் ஈரம் போயிருப்பதால் அன்றே வில்லை வளைத்தால் முறியலாம். சில நாள் காற்றில் கிடந்து ஈரம் திரும்பட்டும்.

இரு கைகளும் ஒரே பக்கம் போயிருந்தால் இரண்டோடும் மல்லுக்கட்ட வேண்டாம். பிடியை மட்டும் பக்கவாட்டில் வளைத்தால் இரண்டும் ஒன்றாக நேராகும். பிடி தடித்த பகுதி என்பதால் உலர் சூடு உள்ளே ஏறாது, நீராவிதான் வேண்டும்: 25 மி.மீ. தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. நீராவி பட்ட இடம் இன்னும் மெதுவாக உலரும், ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள்.

முறுக்கு வேறு சங்கதி. நுனி திருகியிருந்தும் நாண் நடுவில் ஓடினால், நேர் நுனி வில்லில் சிறு முறுக்கை அப்படியே விட்டுவிடலாம். நுனி முன்னோக்கி வளைந்த வில்லில் விடக்கூடாது, நாண் வழுக்கி விழும். கொரியக் கொம்பு வில்லாளர்கள் வில்லைச் சூடுகாட்டி, நாண் ஏற்றியபின் கைகளைத் திருகிச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

இதையெல்லாம் முழு இழுப்புக்கு முன்பே முடியுங்கள். விலகிய நுனியை நாண் பக்கவாட்டில் இன்னும் இழுக்கும். ஒரு விளிம்பு அதிகமாக நசுங்கும், கோணல் தன்னால் வளரும். முழு இழுப்பில் நூறு அம்பு விட்டபின் திருத்த வந்தால் அந்த நசுங்கல் திரும்பி வராது.

மிச்சமாக 3, 4 மி.மீ. விலகல் நின்றால் பயப்பட வேண்டாம், அது எந்தப் பக்கம் என்பதை மட்டும் பாருங்கள். அம்பு செல்லும் பக்கமாக இருந்தால் நல்லதே, அம்பு பிடியைச் சுற்றி வளைந்து போகும் அளவு குறையும். மறுபக்கமாக இருந்தால், மேலும் கீழும் ஒரே அளவு நீளமான, ஒத்த கைகளுள்ள வில்லைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். முடியாவிட்டால் அம்பு செல்லும் பக்கத்தில் பிடியைச் சீவுங்கள். பிடி வளையாத வில்லில் அங்கே 3 மி.மீ. மரம் குறைந்தால் வலுவுக்குக் கேடில்லை.