எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அம்மாவுக்கும் ஆகாதா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, எடை 60 கிலோ. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டுவலிக்கு ஒரு மூலிகைச் சூரணம் வாங்கினோம். காலை, மாலை 5 கிராம். டப்பாவில் 'எலிகளில் சோதித்தது, கிலோ எடைக்கு 2000 மி.கி. வரை பாதுகாப்பானது' என்று இருக்கிறது. மாதக்கணக்கில் கொடுக்கலாமா?

பதில்: அந்த வரியை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 2000 என்ற எண் வந்தாலே அது பெரும்பாலும் ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைதான்.

இரவு பட்டினி போட்ட எலிக்கு, முனை உருண்ட வளைந்த ஊசியால் மருந்தை நேரே இரைப்பையில் இறக்குவார்கள். ஒரே தடவை. வழக்கமாக ஒரு சுற்றுக்கு மூன்று பெண் எலிகள். முதல் அரை மணி நேரத்தில் ஒரு தடவையாவது, பிறகு முதல் நாள் முழுக்க அவ்வப்போது பார்க்க வேண்டும். அப்புறம் 14 நாள் தினமும். மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்குகிறதா, எடை இறங்குகிறதா? சாப்பிட்டதும் ஆளைச் சாய்க்கும் விஷமா என்று இதில் தெரியும். மூன்று மாதம் சாப்பிட்டால் சிறுநீரகம் என்னவாகும் என்பது தெரியாது.

அளவையும் பாருங்கள். எலி அளவை மனித அளவாக்க ஏறக்குறைய 6.2-ஆல் வகுப்போம். 60 கிலோ ஆளுக்கு அது சுமார் 19 கிராம். அம்மா தினமும் 10 கிராம் சாப்பிடுகிறார், பாதிக்கு மேல்! அதோடு, சோதனைக்கு எடுப்பவை நோயில்லாத இளம் எலிகள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவை அல்ல.

மெதுவாகக் கெடுக்கும் மூலிகைகள்தான் எனக்குப் பெரிய கவலை. 1990-களின் தொடக்கத்தில் பிரசல்ஸில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துவிட்டது. அதிலுள்ள அமிலம் எலிகளுக்குப் புற்றுநோய் வரவழைப்பதை 1982-லேயே கண்டிருந்தார்கள், மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்ததால். நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம்தான். சேர்மானப் பட்டியலில் முதலில் இவற்றைத் தேடுங்கள்.

தயாரிப்பாளரிடம், எலிகளுக்குத் தினமும் கொடுத்துப் பார்த்த 90 நாள் சோதனை அறிக்கை கேளுங்கள். 28 நாள் அறிக்கையாவது வேண்டும். ஈரல், சிறுநீரகத் திசுவை வெட்டிப் பார்த்தார்களா, ஈயம், பாதரச அளவு என்ன என்பதும் அவசியம்.

கொடுப்பதென்றால் அம்மாவின் டாக்டரிடம் சொல்லிவிட்டு, முன்பும் ஒரு மாதம் கழித்தும் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), எஸ்ஜிபிடி (ஈரலுக்கு) பாருங்கள். கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ நிறுத்திவிட்டு, அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு அன்றே போங்கள்.