பேஸ்மென்ட் பாத்ரூமுக்கு பெர்மிட் வேண்டுமா?

டொராண்டோவில், ஸ்கார்பரோ வீட்டு பேஸ்மென்டில் டாய்லெட்டும் ஷவரும் புதிதாகப் போட வேண்டும், கான்ட்ராக்டரோ "உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும், பெர்மிட் எல்லாம் எதற்கு" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டும். பழைய சிங்க்கைக் கழற்றி அதே இடத்தில் வேறொன்று மாட்டுவதற்கு டொராண்டோவில் பெர்மிட் தேவையில்லை, ஆனால் புதிதாகக் குழாய் இழுத்தால் நகரசபை பெர்மிட் எடுத்தே ஆக வேண்டும். கரண்ட் வேலை தனிக் கணக்கு, அது ஒன்டாரியோவின் மின்பாதுகாப்பு ஆணையமான ஈஎஸ்ஏ பக்கம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரே வேலையை அங்கே பதிந்துவிடுவார்.

முக்கியமானது கான்கிரீட். தரையை வெட்டிக் குழாய் பதித்ததும் இன்ஸ்பெக்டர் வந்து சரிவையும் கசிவையும் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மூடலாம். மூன்று அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவு இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவசரப்பட்டு வெள்ளிக்கிழமையே மூடிவிட்டார்கள், திங்கட்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் ஈரம்கூடக் காயாத சிமெண்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு "உடையுங்கள்" என்றார், அவ்வளவுதான். உடைத்த கூலி என் தலையில்.

அப்புறம், தரை எப்படியும் திறந்துதானே இருக்கும், பேக்வாட்டர் வால்வு இல்லையென்றால் அதையும் அப்போதே போட்டுவிடுங்கள், பெருமழையில் சாக்கடை திரும்பி வீட்டுக்குள் ஏறாது. இதற்கு டொராண்டோ நகரசபை மானியத் திட்டமே வைத்திருக்கிறது, வேலை தொடங்குமுன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். அந்தக் கான்ட்ராக்டரை நானாக இருந்தால் மாற்றிவிடுவேன்.