விருந்துக்குப் பின் பேதி: பாயசமா, சாம்பாரா, தண்ணீரா?

கேள்வி: பெங்களூரு கே.ஆர். புரம் பக்கம் புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் செய்தோம். மதியச் சாப்பாடு கேட்டரிங், பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை பந்தி, வந்தவர்கள் 90 பேர் இருக்கும். அன்று இரவு 10 மணியிலிருந்து விடிவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு வயிற்று வலி, பேதி. வாந்தி இரண்டு மூன்று பேருக்குத்தான். காய்ச்சல் யாருக்கும் இல்லை. மறுநாள் மாலைக்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிட்டது. பால் பாயசம்தான் காரணம் என்கிறார்கள் உறவினர்கள். உங்கள் பில்டிங்கின் டேங்கர் தண்ணீர்தான் காரணம் என்கிறார் கேட்டரிங்காரர். விருந்துக்கே வராமல் பார்சல் மட்டும் சாப்பிட்ட என் மாமனாருக்கும் பேதி. உறவினர் ஒருவருக்கு கிளினிக்கில் ரத்தம் எடுத்து டைபாய்டு என்று சொல்லியிருக்கிறார்கள். ஃபிரிட்ஜில் மிஞ்சிய சாம்பாரை லேபில் கொடுத்து சர்டிபிகேட்டும், பிறகு நஷ்டஈடும் வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தச் சர்டிபிகேட் எதற்கும் உதவாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தகவல் லேப் தாளைவிடப் பெரியது. முதலில் அதைப் பார்ப்போம்.

சாப்பிட்ட நேரத்துக்கும் முதல் அறிகுறிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி முந்திக்கொண்டு வந்தால், நஞ்சு உணவிலேயே உருவாகியிருந்தது என்று பொருள். கையில் புண் உள்ளவர் தொட்ட பால் இனிப்பில் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமியும், வெளியே கிடந்த சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியும் செய்யும் வேலை அது. எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து, வாந்தி அதிகமில்லாமல் வயிற்றை முறுக்கிப் பேதியானால் முதல் சந்தேகம் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ், அடுத்தது பேசில்லஸ் சீரியஸின் பேதி வகை. சால்மோனெல்லா என்றால் பெரும்பாலும் அரை நாள் முதல் மூன்று நாளுக்குள் காய்ச்சலோடு வரும். உங்கள் வீட்டில் பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை சாப்பிட்டிருக்கிறார்கள், இரவு பத்துக்கு மேல் தொடங்கியிருக்கிறது, காய்ச்சல் இல்லை, ஒரே நாளில் அடங்கியிருக்கிறது. பாயசத்தில் ஸ்டாஃபைலோகாக்கஸ் இருந்திருந்தால் மாலை ஐந்து மணிக்கே வீடெல்லாம் வாந்தியாக இருந்திருக்கும். பாயசத்தின் மேல் பழி விழக் காரணம், அது பால் என்பதும், கடைசியாகச் சாப்பிட்டது என்பதும் மட்டுமே.

பெர்ஃபிரிஞ்சன்ஸ் பெரிய அண்டாவில் வளரும் கிருமி. குழம்பு கொதித்தாலும் அதன் வித்துகள் (சூட்டைத் தாங்கி உறங்கும் வடிவம்) சாவதில்லை. அடுப்பை அணைத்த பிறகு, சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அவை முளைக்கும். 43 முதல் 47 டிகிரிக்குள் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். சிறு பாத்திரம் இந்த வெப்பநிலையைச் சீக்கிரம் கடந்துவிடும். மூடி வைத்த பெரிய அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் அதிலேயே நிற்கும். அசைவத்தில்தான் அதிகம் என்றாலும், பருப்பு போட்ட சாம்பார், கூட்டு, குருமா எல்லாமே அதற்குத் தோதானவை. ஆகவே கேட்டரிங்காரரிடம் 'சுத்தமாகச் செய்தீர்களா' என்று கேட்டுப் பயனில்லை. எத்தனை மணிக்கு இறக்கினீர்கள், எத்தனை மணிக்கு டெம்போவில் ஏற்றினீர்கள், பரிமாறுமுன் மறுபடி கொதிக்க வைத்தீர்களா என்று கேளுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு இறக்கிய சாம்பாரை அடுப்பில் ஏற்றாமலே ஒரு மணிக்குப் பரிமாறினார்கள் என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. இந்தக் கிருமியைப் பொறுத்தவரை, பரிமாறுமுன் தளதளவென்று கொதிக்க வைத்தால், வித்திலிருந்து முளைத்துப் பெருகியவை சாகும். ஸ்டாஃபைலோகாக்கஸ் நஞ்சும் சாதத்தில் உருவாகும் பேசில்லஸ் சீரியஸ் நஞ்சும் கொதித்தாலும் போகாது.

இதுவரை சொன்னது சந்தேகம். அதை உறுதிப்படுத்த ஒரு நோட்டு போதும். ஆளுக்கு ஒரு வரி. வயது, எந்தப் பந்தி, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், மெனுவில் உள்ள ஒவ்வொன்றையும் சாப்பிட்டாரா இல்லையா, எந்தத் தண்ணீர் குடித்தார், அறிகுறி எத்தனை மணிக்கு, என்னென்ன. யாரை நோயாளி என்று எண்ணுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உதாரணமாக, சாப்பிட்ட இரண்டு நாளுக்குள் 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர். லேசாக வயிறு உப்பியவரைச் சேர்த்தால் கணக்கு குழம்பும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்: நோய் வந்தவர்களை மட்டும் கேட்கிறார்கள். நன்றாக இருப்பவர்களையும் அதே கேள்விகளோடு கேட்காவிட்டால் கணக்கே இல்லை. 1940இல் அமெரிக்காவின் ஆஸ்வீகோ மாவட்டத்தில் ஒரு தேவாலய விருந்துக்குப் பின் 75 பேரை விசாரித்தார்கள். 46 பேருக்கு நோய். பன்றி இறைச்சி சாப்பிட்ட 46 பேரில் 29 பேருக்கு நோய் வந்திருந்தது, நூற்றுக்கு 63. அதோடு நிறுத்தியிருந்தால் இறைச்சிதான் குற்றவாளி. ஆனால் அதைச் சாப்பிடாத 29 பேரிலும் 17 பேருக்கு வந்திருந்தது, நூற்றுக்கு 59. வித்தியாசமே இல்லை. வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்குத்தான். ஒரு பக்கம் நூற்றுக்கு 80, மறுபக்கம் நூற்றுக்கு 14, அதாவது ஐந்தரை மடங்கு. உங்கள் மெனுவின் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இந்த நான்கு எண்களை எழுதி இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடைவெளி எதில் பெரியதோ அதுதான் நீங்கள் தேடுவது. சாம்பாரை எல்லோருமே சாப்பிட்டிருந்தால் பந்தி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பந்தியைவிடக் கடைசிப் பந்தியில் அதிகம் பேர் விழுந்திருந்தால், ஆறிப்போன அண்டாவின் மேல் சந்தேகம் வலுக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் 'யாரெல்லாம் சாம்பார் சாப்பிட்டீர்கள்' என்று கேட்காதீர்கள். ஒருவர் பாயசம் என்று எழுதினால் மற்ற இருபது பேருக்கும் பாயசம் புளித்திருந்தது நினைவுக்கு வரும். தனித்தனியாகப் போன் செய்யுங்கள். உங்கள் சந்தேகத்தைச் சொல்லாமல், மெனுவை வரிசையாகப் படித்துக் கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

உங்கள் மாமனார் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பார்சல்தான் எல்லாக் கணக்கையும் கெடுப்பது. அவருடைய கடிகாரம் விருந்து நேரத்திலிருந்து ஓடுவதில்லை, அவர் சாப்பிட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, காலை ஏழு மணிக்கு அவருக்குப் பேதி தொடங்கியிருந்தால் இடைவெளி பத்து மணி நேரம், மற்றவர்களுக்கு வந்த அதே இடைவெளி. விருந்திலிருந்து எண்ணினால் பதினெட்டு ஆகி, வேறு நோய் போலத் தோன்றும். அவர் விருந்துக்கே வராதது உங்களுக்கு ஒரு லாபமும்கூட. அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதவர் அவர். பார்சலில் பாயசம் போகாமல் சாம்பாரும் சாதமும் மட்டும் போயிருந்தால், சந்தேகப் பட்டியல் இரண்டு பதார்த்தமாகச் சுருங்குகிறது. ஆனால் அந்தப் பார்சல் மதியம் இரண்டிலிருந்து இரவு ஒன்பது வரை சமையல் மேடையில் கிடந்தது என்றால், அந்த ஏழு மணி நேரத்தில் வளர்ந்தது யார் பொறுப்பு என்று கேட்டரிங்காரர் கேட்பார். கேட்பதில் நியாயமும் உண்டு. அதனால் பார்சல் சாப்பிட்டவர்களை முதல் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டவர்களை மட்டும் வைத்துக் கணக்கை முடியுங்கள். பார்சல்காரர்களைத் தனித் தாளில் எழுதி, எடுத்த நேரம், ஃபிரிட்ஜில் வைத்தார்களா, சூடாக்கினார்களா, எந்த அளவுக்கு, சாப்பிட்ட நேரம் என்று நிரப்புங்கள். இரண்டு தாளும் ஒரே பதார்த்தத்தைக் காட்டினால் உங்கள் வாதத்துக்கு வலு அதிகம். விருந்திலும் சாப்பிட்டுப் பார்சலும் சாப்பிட்டவர்களை இரண்டு தாளிலும் சேர்க்க வேண்டாம்.

தண்ணீர்தான் காரணமா என்பதற்கு, விருந்துக்கு வராத பக்கத்து ஃபிளாட்களைக் கேளுங்கள். அதே சம்ப், அதே ஓவர்ஹெட் டேங்க். அவர்களுக்கு ஒன்றுமில்லை என்றால், நோயும் ஒரே இரவில் ஏறி இறங்கியிருக்கிறது என்றால், டேங்கர் கதை நிற்காது. எப்படியும் அசோசியேஷனிடம் சொல்லிக் குளோரின் பார்க்கச் சொல்லுங்கள். குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். இன்றைய தண்ணீர்ச் சோதனை அன்றைய தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது.

டைபாய்டு என்றது அநேகமாக வைடால் பரிசோதனையாக இருக்கும். டைபாய்டு வெளிப்பட ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். நேற்று மதியம் சாப்பிட்டு இன்று காலை டைபாய்டு வராது. வைடால் காட்டுவது கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது பழைய தொற்றாலும் இருக்கலாம், தடுப்பூசியாலும் இருக்கலாம். ஒரே ஒரு வைடால் முடிவை நம்பி ஊசி போடுவது நம் கிளினிக்குகளில் வழக்கமாகிவிட்டது. இதைத் தடுக்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பயன்பட்டிருக்கக் கூடியது மலப் பரிசோதனை. ஆன்டிபயாடிக் கொடுக்குமுன், முதல் இரண்டு நாளில், நான்கைந்து பேரிடம் எடுத்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை. மருந்துச் சீட்டில் 'கேஸ்ட்ரோ' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். உணவு நஞ்சு ஏற்பட்டால் மருத்துவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கை வெளியிடும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு தருகிறது. தனியார் கிளினிக்கில் அப்படித் தெரிவிக்கும் பழக்கத்தைக் காண்பது அரிது. ஒரே சாப்பாட்டுக்குப் பின் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி நோய் வந்தாலே அது விசாரிக்க வேண்டிய நிகழ்வு. லேப் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 104 சுகாதார உதவி எண்ணுக்கோ, பக்கத்தில் உள்ள 'நம்ம கிளினிக்' என்ற அரசு கிளினிக்குக்கோ, மாநகராட்சிச் சுகாதார அதிகாரிக்கோ நீங்களே சொல்லுங்கள். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஒரு கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது, உங்கள் நோட்டு போக வேண்டிய இடம் அது. உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தனியே 1800112100. இரண்டுக்கும் நீங்களே எழுதுங்கள். ஒரு துறைக்குச் சொன்னது மறு துறைக்குப் போய்ச் சேரும் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி அந்த 15,000 ரூபாய். உணவு வாங்குபவர் தாமே அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்க அதே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் வாங்கும்போதே 'சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று விற்றவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கிரகப்பிரவேசத்தில் அதை யார் சொல்வார்கள்? உங்கள் ஃபிரிட்ஜில் பல கை பட்ட டப்பாவைத் தனியார் லேபில் கொடுத்தால், முடிவு அந்த டப்பாவைப் பற்றியது மட்டுமே. குளிரில் பெர்ஃபிரிஞ்சன்ஸ் வேகமாகச் செத்துவிடும் என்பதால், 'கிருமி இல்லை' என்ற தாள் உங்களுக்கே எதிராகத் திரும்பவும் கூடும். டப்பாவைக் கொட்ட வேண்டாம். மூடி, தேதி எழுதி, ஃபிரீசரில் அல்லாமல் கீழ்த்தட்டில் வைத்து, அதிகாரி வந்தால் காட்டுங்கள்.

நஷ்டஈட்டுக்கும் தரகர் தேவையில்லை. அதே சட்டத்தின் 65ஆம் பிரிவில் சாதாரண பாதிப்புக்கு உச்சவரம்பு 1 லட்சம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு கொடுக்கலாம். சாப்பாட்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் பில்லில் உள்ள 14 இலக்க உரிம எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஆர்டர் எடுப்பவர் ஒருவர், சமைப்பவர் வேறொருவர் என்பது பெங்களூரில் சகஜம். உரிமத்தில் உள்ள முகவரியும் சமைத்த இடமும் வேறு என்றால் புகாரின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். பாக்கிப் பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று கேட்டரிங்காரர் சொல்லி, 'உணவில் குறையில்லை' என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.