தைராய்டு மாத்திரையும் காலை டீயும்: சாப்பாட்டால் எது முடியும், எது முடியாது

மியன்மாரின் மோல்மேனிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 43. கணவரோடு சேர்ந்து இட்லிக் கடை நடத்துகிறார், விடிகாலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார். எப்போதும் களைப்பு, மலச்சிக்கல், முடி கொட்டுதல், மாதவிலக்கில் அதிகப் போக்கு என்று டாக்டரிடம் போனபோது டி.எஸ்.எச். (தைராய்டு மந்தமானால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 14 என்று வந்திருக்கிறது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸின் 50 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். ரத்தம் குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 11. மாத்திரையைக் கூட்டலாம் என்கிறார் டாக்டர். ஊரில் இருக்கும் அக்காவோ, முட்டைக்கோஸும் சோயாவும் நிறுத்திவிட்டுக் கொத்தமல்லித் தண்ணீர் குடித்தால் போதும், மாத்திரையே வேண்டாம் என்கிறார். "எழுந்ததும் டீ போட்டு, அதோடு இரண்டு மாத்திரையையும் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். பலன் இல்லை. சாப்பாட்டிலும் நடையிலும் இதைச் சரிசெய்ய முடியுமா?" என்பது அவர் கேள்வி.

சகோதரி, பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாத்திரை பலன் தரவில்லை என்று நினைக்கிறீர்கள். அது உடம்புக்குள் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரும்பு மாத்திரை தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சேரவேண்டியதில் ஒரு பங்கு மலத்தோடு போய்விடும். டீயில் ஊற்றும் பாலின் கால்சியமும் கொஞ்சம் தடுக்கும். காபி குடிப்பவர்களுக்கும் இதே கதைதான். இன்னொரு நஷ்டமும் உண்டு: டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரண்டு மாத்திரையையும் டீயோடு போட்டு, இரண்டின் பலனையும் இழந்துகொண்டிருக்கிறீர்கள்.

அதனால் முதல் வேலை நேரத்தை மாற்றுவது. நாலு மணிக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் போடுங்கள். டீ ஐந்து மணிக்கு. கடை அவசரத்தில் முடியவில்லை என்றால் அரை மணி நேரமாவது விடுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாற்றோடு போடுவது நல்லது, சாப்பிட்டதும் டீ மட்டும் வேண்டாம். கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த நாலு மணி நேரக் கணக்கு பொருந்தும். காலையில் சரிப்படவே இல்லை என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். காலையோ இரவோ, ஒன்றைப் பிடித்துக்கொண்டு தினமும் அதே நேரத்தில் போடவேண்டும்.

இரும்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு குறைந்தால் மாதவிலக்கு அதிகமாகப் போகும், அதனால் ரத்தம் குறையும். இரும்புச்சத்து குறைந்தால் தைராய்டு ஹார்மோன் சுரப்பதும் சரியாக நடக்காது. இரண்டையும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து, இதுவரை எப்படி மாத்திரை போட்டீர்கள் என்பதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் டாக்டர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அது தெரியாமல் அளவைக் கூட்டிவிட்டு, பிறகு நீங்கள் நேரத்தையும் சரிசெய்தால் ஹார்மோன் அதிகமாகிவிடும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். நீண்ட நாள் அப்படியே போனால் எலும்பு தேயும், இதயத்துடிப்பு சீர்கெடும். இப்போதைய அளவையே 6 முதல் 8 வாரம் சரியாகப் போட்டுவிட்டு மறுபடி பரிசோதிக்கலாமா என்று கேளுங்கள். முடிவு அவருடையது. தைராக்ஸின் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும், மெதுவாக வேலை செய்யும் மருந்து. அதனால்தான் 6 வாரத்துக்கு முன் டி.எஸ்.எச். பார்த்துப் பயனில்லை. ஒரு நாள் மறந்தாலும் பயப்படவேண்டாம், அன்றைக்கே நினைவு வரும்போது போட்டுவிடுங்கள். பரிசோதனைக்குப் போகும் காலையில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை எடுத்தால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டும், இல்லையென்றால் முடிவு தப்பாக வரும்.

சரி, அக்கா சொன்ன விஷயத்துக்கு வருவோம். பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைவுக்கு ஒரு பெரிய காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவது. ஹாஷிமோட்டோ நோய் என்பார்கள். சிதைந்த சுரப்பியைக் கொத்தமல்லித் தண்ணீரோ வேறெந்தக் கஷாயமோ திரும்பக் கட்டியெழுப்பாது. கொத்தமல்லித் தண்ணீர் குடிக்க ஆசையென்றால் குடியுங்கள், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. டி.எஸ்.எச். 10-க்கு மேல் போய், இத்தனை தொந்தரவும் இருக்கும்போது அது ஆபத்து. டி.எஸ்.எச். லேசாக மட்டும் கூடி, மற்ற ஹார்மோன் சரியாக இருப்பவர்களின் நிலைமை வேறு. அவர்களில் பலருக்கு மாத்திரை தேவைப்படாது, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். ஒருவேளை உங்கள் அக்காவுக்குத் தெரிந்தவர் அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் சமைத்துச் சாப்பிடுங்கள். பச்சையாகத் தினமும் நிறையச் சாப்பிட்டு, அயோடினும் குறைவாக இருந்தால்தான் அவற்றால் தொந்தரவு. சோயா சுரப்பியைக் கெடுக்காது, மாத்திரை உடம்பில் சேர்வதைத்தான் குறைக்கும். ஆகவே சோயா பாலை மாத்திரையிலிருந்து தள்ளி வைத்தால் போதும். நம் கடைத்தெருவில் விற்கும் மஞ்சள் ஷான் தொஹு (டோஃபு போன்ற கட்டி) கடலை மாவில் செய்வது, அதில் சோயாவே கிடையாது. அதைப் பயந்து ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மலிவான நல்ல புரதத்தை வீணாக விடுகிறார்கள். கோதுமையை விடவேண்டும் என்பதும் அப்படித்தான். கோதுமை ஒவ்வாத குடல் நோய் இருந்தால் ஒழிய அவசியமில்லை.

உணவால் வருகிற, உணவாலேயே தடுக்கக்கூடிய தைராய்டு கோளாறு ஒன்று உண்டு. அது அயோடின் குறைவு. இந்த நாட்டில் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சின் மலைகளிலும் ஷான் மேட்டு நிலத்திலும் கழுத்துக் கழலை முன்பு சாதாரணமாகக் கண்ணில் படும். கடலோரத்தில் இருக்கிறோம், கடல் உப்புதானே சாப்பிடுகிறோம் என்று மோல்மேன்காரர்கள் நினைக்கலாம். கடல் உப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிகமிகக் குறைவு. மோன் கடற்கரை உப்பளங்களிலிருந்து மூட்டையாக வரும் கல்லுப்பில் யாராவது அயோடின் சேர்த்திருந்தால்தான் இருக்கும். பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மழைக்கால ஈரமும் அடுப்புச் சூடும் அயோடினைக் குறைத்துவிடும், அதனால் இறுக மூடிய டப்பாவில் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். குழம்பை இறக்கும் நேரத்தில் உப்புப் போடுவது நல்லது. கடைக்கும் அதே உப்பை வாங்குங்கள். சாப்பிட வருகிறவர்களில் கர்ப்பிணிகள் இருப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிகளுக்கு 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

இதைப் படித்துவிட்டு உப்பைக் கூட்டிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதற்குள் இருக்கவேண்டும். நாப்பி (புளிக்கவைத்த மீன் விழுது), கருவாடு, ஊறுகாயில் இருப்பதும் அதில் அடங்கும். தைராய்டு குறைவில் ரத்த அழுத்தம் ஏறுவது உண்டு. கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து என்று விற்பதை வாங்கவே வேண்டாம். ஹாஷிமோட்டோ இருப்பவர்களுக்கு அளவு மீறிய அயோடின் சுரப்பியை இன்னும் மந்தமாக்கும்.

மற்றபடி தனியாகத் தைராய்டு பத்தியம் என்று ஒன்றும் கிடையாது. கொழுப்பு ஏறுவதால் எண்ணெயில் பொரித்த பலகாரத்தைக் குறையுங்கள். கடையில் வடை பொரிக்கும்போது கை சும்மா இருக்காது, தெரியும். மலச்சிக்கலுக்குக் கீரை, முழுப் பயறு, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர். மீனும் முட்டையும் சேர்த்தால் புரதத்தோடு செலினியமும் கிடைத்துவிடும், தனி மாத்திரை தேவையில்லை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு கிண்ணம் மோயிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) தாராளமாகச் சாப்பிடலாம். டீயில் கண்டென்ஸ்ட் மில்க்கை மட்டும் பாதியாகக் குறையுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து டீ குடிக்கிற வீட்டில் எடை ஏறுவது பெரும்பாலும் அந்த இனிப்பால்தான். தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை சாதாரணமாக இரண்டு முதல் நாலு கிலோ, அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும்.

நடை நல்லது. ஆனால் டி.எஸ்.எச். 11 இருக்கும்போது தசை வலியும் களைப்பும் இருக்கும், அதோடு மல்லுக்கட்டாதீர்கள். மாலையில் பத்து நிமிடம் தொடங்கி, வாரம் வாரம் கூட்டி, அரை மணி நேரத்துக்கு வாருங்கள். நாலு மணிக்கு எழுகிறவர் ஒன்பதுக்கு முன்பே படுக்கவேண்டும். தூக்கம் போதாத களைப்பை எந்த மாத்திரையும் தீர்க்காது.

மாத்திரை வாங்கும்போது கம்பெனி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் டாக்டரிடம் சொல்லி 6 வாரத்தில் பரிசோதியுங்கள். சில அட்டைகளில் 50 மைக்ரோகிராம் என்பதை 0.05 மி.கி. என்று அச்சிட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. கரண்ட் போகிறதே, ஃபிரிட்ஜ் இல்லையே என்ற கவலை வேண்டாம். அட்டையிலிருந்து பிரிக்காமல் வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைத்தால் போதும். தீமிதிக்கு விரதம் இருக்கும் நாளிலும் தண்ணீரோடு மாத்திரை போடவேண்டும். நோன்பு வைக்கும் முஸ்லிம் சகோதரிகள், நோன்பு திறந்து சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம்.

இது குடும்பத்தில் தொடர்வதுண்டு. உங்கள் மகள்களுக்கும் தங்கைகளுக்கும் இதுபோன்ற தொந்தரவு இருந்தால் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். இந்த மாத்திரை போடும் பெண் கர்ப்பமானால், தெரிந்த அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அளவைக் கூட்டவேண்டியிருக்கும், வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு முதல் சில மாதம் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். அப்புறம், தைராய்டு குறைவுள்ள ஒருவருக்கு உடம்பு சில்லிட்டு, மயக்கமாகத் தூங்கிக்கொண்டே இருந்து, பேச்சு குழறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.