பியானோ டெக்னீஷியன் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார்: "மகள் பிளஸ் டூ எழுதிவிட்டாள். பி.காம். சேர்க்கலாம் என்று இருந்தோம். சின்ன வயதில் வயலின் கற்றவள், இப்போது ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மியூசிக் கிளாஸில் கீபோர்டு கற்கிறாள். அங்கே ஒருவர் வந்து பியானோவைப் பிரித்துப் போட்டு டியூன் செய்ததைப் பார்த்ததிலிருந்து, 'நானும் பியானோ டெக்னீஷியன் ஆகிறேன்' என்று ஒரே பிடிவாதம். வாசிக்கப் போகிறேன் என்றால்கூடப் புரிந்திருக்கும், இவள் ரிப்பேர் பார்க்கப் போகிறாளாம். சேலத்தில் எத்தனை பியானோ இருந்துவிடப் போகிறது? இதற்குக் காலேஜ் உண்டா? வீடு வீடாக டூல்ஸ் பையோடு போகிற வேலை பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது?"

ஐயா, நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை நன்றாகத் தெரிந்த ஒருவர் பிள்ளையைக் கூட வைத்துக் கற்றுத்தரச் சம்மதித்தால் அனுப்புங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை டிகிரியை விட வேண்டாம். பிள்ளைக்குத் திறமை இருக்கிறதா, ஊரில் பியானோ இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவள் எதில் கைவைக்க ஆசைப்படுகிறாள் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கம்பி இழுக்கிற தொழிலில் இருப்பவர் நீங்கள், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். பியானோவில் 88 கட்டைகள், அவற்றுக்கு ஏறக்குறைய 230 எஃகுக் கம்பிகள். மந்திர ஸ்தாயிக் கம்பிகளில் எஃகின் மேல் செம்பு சுற்றியிருக்கும். ஒவ்வொரு கம்பியும் சுமார் 70, 80 கிலோ இழுவிசையில் நிற்கிறது. எல்லாம் சேர்ந்தால் 16 முதல் 18 டன். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது. கீழ்க்கோடியில் ஒரு கட்டைக்கு ஒரு கம்பி, நடுவிலிருந்து மேலே ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். அந்த மூன்றும் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும்.

டியூனர் முதலில் ஒரு நீளமான ஃபெல்ட் துணியைக் கம்பிகளுக்கு நடுவே செருகி, மூன்றில் இரண்டை வாயடைத்துவிடுவார். நடுக்கம்பியைச் சுருதிக்குக் கொண்டுவந்த பிறகு, பக்கத்துக் கம்பியைத் திறந்து இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுவார். சேரவில்லை என்றால் ஒலி ஏறி இறங்கி ஏறி இறங்கி அலைபாயும். பிளஸ் ஒன் இயற்பியலில் விம்மல்கள் என்று படித்திருப்பாளே, அதேதான். கம்பியின் முனை ஓர் ஆணியில் சுற்றியிருக்கும்; அந்த ஆணியைத் திருப்பும் லீவரை மாட்டி நூலிழை அளவு அசைத்தால் அலை மெதுவாகும், இன்னும் கொஞ்சம் அசைத்தால் நின்றுவிடும். வேலை முடிந்ததென்று அப்போது கையை எடுத்தால் போச்சு. ஆணி மரத்துக்குள் முறுக்கிக்கொண்டு நிற்கும், லீவரை விட்டதும் கொஞ்சம் திரும்பும். அதனால் ஒரு பொட்டு மேலே ஏற்றி, மெல்லக் கீழே இறக்கி அமர்த்த வேண்டும். கட்டையைப் பலமாக நாலு தட்டுத் தட்டியும் சுருதி நகராவிட்டால்தான் அந்த ஆணி முடிந்தது. இப்படி இருநூற்றுச் சொச்சம் ஆணிகள். தேர்ந்தவருக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். புதிதாகப் பழகுபவருக்கு ஒரு நாள் போதாது.

டியூனிங் இந்த வேலையில் ஒரு பங்குதான். கட்டையை அழுத்தும்போது சுத்தியல் கம்பிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே பிடி விட்டு, தானாகப் போய் அடித்துத் திரும்ப வேண்டும். 88 கட்டைகளிலும் அந்த இடைவெளி ஒரே சீராக இருக்கும்படி திருகுகளைத் திருத்துவது ரெகுலேஷன். சுத்தியலின் ஃபெல்ட் இறுகி ஒலி கரகரத்தால் ஊசியால் குத்திப் பதமாக்குவது வாய்சிங். அப்புறம் அறுந்த கம்பி, உடைந்த சுத்தியல் தண்டு, எலி கடித்த துணி என்று பழுதுகளுக்குக் கணக்கே இல்லை.

"அவளுக்கு நல்ல காது" என்று மியூசிக் மிஸ் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம், ஆனால் அதற்கு நான் அவ்வளவு மதிப்பெண் போட மாட்டேன். விம்மலைக் கேட்கிற காது பழக்கத்தில் வந்துவிடும். வயலின் கற்ற பிள்ளைக்கு வேறொரு சிக்கல் வரும், அதை இப்போதே சொல்லிவையுங்கள். தம்புராவை மீட்டினால் அந்தர காந்தாரம் தானாகக் கேட்குமே, அந்தக் காந்தாரத்தைவிடப் பியானோவின் காந்தாரம் கூடுதலாக நிற்கும். அரைஸ்வரத்தை 100 பங்காக்கினால், சுமார் 14 பங்கு கூடுதல். காரணம் கணக்கில் இருக்கிறது. சுத்தமான ஸ–ப இடைவெளியைப் பன்னிரண்டு முறை அடுக்கினால் ஏழு ஸ்தாயிகளைத் தாண்டி 23, 24 பங்கு மிஞ்சும். எல்லா ஸ்வரத்தையும் ஸட்ஜமாக வைத்து வாசிக்க வேண்டிய வாத்தியம் என்பதால், அந்த மிச்சத்தைப் பன்னிரண்டு பஞ்சமத்துக்கும் இரண்டு இரண்டு பங்காகக் குறைத்துப் பகிர்ந்துவிடுகிறார்கள். டியூனர் பஞ்சமத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுக்கிறார். நடு ஸ்தாயிக்குக் கீழே உள்ள எஃப்–ஏ காந்தாரம் நொடிக்கு ஏழு முறை அலைபாய்ந்தால் சரி என்று எண்ணிக்கொள்கிறார். "இது அபஸ்வரம்" என்று பிள்ளையின் காது முதலில் அடம்பிடிக்கும். ஆறு மாதத்தில் பழகிவிடும்.

இதற்கெல்லாம் மொபைலில் ஆப் இருக்கிறதே என்று அவள் சொல்லலாம். டியூன்லேப் போன்றவை நன்றாகவே வேலை செய்கின்றன, தொழிலில் இருப்பவர்களும் பயன்படுத்துகிறார்கள். கம்பி எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆப் காட்டும். அங்கே நிற்கவைப்பது கைதான்.

இனி ஊர் விஷயம். சேலத்தை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது, ஒளிக்காமல் சொல்கிறேன். வீடுகளில் இப்போது வாங்குவதெல்லாம் பெரும்பாலும் டிஜிட்டல் பியானோ. அதற்குக் கம்பியும் கிடையாது, டியூனிங்கும் கிடையாது. கம்பி வைத்த அசல் பியானோவைப் பழைய சர்ச்சுகள், கான்வென்ட் பள்ளிகள், பெரிய ஹோட்டல்கள், ரெக்கார்டிங் ஸ்டூடியோக்கள், லண்டன் டிரினிட்டி காலேஜின் இசை கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் சில வகுப்புகள் ஆகிய இடங்களில்தான் தேட வேண்டும். ஆகவே ஏற்காடு, கோவை, ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு என்று ஒரு சுற்று வைத்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேலம் நல்ல நடுமையம், அது ஒரு வசதி.

மலை ஏறினால் வேலையின் தன்மையே மாறிவிடும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் மழைக்காலம் முழுக்க மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகை மரத்தால் ஆனது. ஈரம் குடித்தால் உப்பிக் கம்பிகளைத் தள்ளும், சுருதி ஏறும். பங்குனி, சித்திரையில் காய்ந்தால் இறங்கும். அதுவும் எல்லாக் கட்டையிலும் ஒரே அளவாக ஏறி இறங்காது, நடுப்பகுதிதான் அதிகம் ஆட்டம் காட்டும். கட்டைகளுக்கு அடியில் இருக்கும் துணி ஊறிப்போய், அழுத்திய கட்டை மேலே வராமல் மாட்டிக்கொள்ளும். கம்பியில் துரு, ஃபெல்ட்டில் பூச்சி. ஏற்காட்டில் ஒரு பழைய பியானோவை ஒப்புக்கொள்பவர் டியூனிங்கைவிடப் பழுதுபார்ப்பில்தான் அதிக நேரம் செலவழிப்பார். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஜன்னலோரம் வேண்டாம், உள்ளே ஈரம் போக்கும் ஹீட்டர் ராடு போடுங்கள் என்று சொந்தக்காரருக்குப் பாடம் எடுப்பதும் வேலையில் சேர்த்தி. வருடத்துக்கு இரண்டு முறை, மழை ஓய்ந்த பிறகு ஒன்று, கோடைக்குப் பிறகு ஒன்று என்று பள்ளிகளோடு பேசி வைத்துக்கொண்டால் அது நிலையான வருமானம்.

காலேஜ் உண்டா என்று கேட்டீர்கள். தமிழ்நாட்டில் இதற்கென்று டிகிரியோ ஐ.டி.ஐ. டிரேடோ இல்லை. நம் நாட்டில் இதற்கு லைசன்ஸும் கிடையாது, லீவர் வாங்கியவரெல்லாம் டியூனர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால்தான் யாரிடம் கற்கிறாள் என்பது இவ்வளவு முக்கியம். சென்னையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல், மும்பையில் 1865 முதல் இருக்கும் ஃபர்டாடோஸ் போன்ற பழைய வாத்தியக் கடைகளில் விசாரிக்கத் தொடங்குங்கள். கடையில் சேர்த்துக்கொள்ளாவிட்டாலும், இந்த வட்டாரத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்ற தகவல் கிடைக்கும். ஃபேர்லேண்ட்ஸுக்கு வந்து டியூன் செய்தாரே, அவர்தான் முதல் வாசல். அவருடைய நம்பரை மியூசிக் மிஸ்ஸிடம் இன்றே வாங்குங்கள்.

வெளிநாட்டில் இதற்கு முறையான படிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் நார்த் பென்னட் ஸ்ட்ரீட் ஸ்கூல் முழுநேர வகுப்பு நடத்துகிறது, செலவு கையைக் கடிக்கும். ஜெர்மனியில் பியானோ கட்டுவதும் பராமரிப்பதும் மூன்றரை வருட அவுஸ்பில்டுங் பயிற்சி. பட்டறையில் சம்பளத்தோடு வேலை, நடுநடுவே லுட்விக்ஸ்பர்க்கில் உள்ள தொழிற்பள்ளியில் வகுப்பு. நர்சிங்குக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் போகிறார்களே, அதே வழிதான். ஆனால் ஜெர்மன் மொழி நன்றாக வர வேண்டும், பயிற்சிக்கு எடுக்கும் பட்டறையை நாமே எழுதிக் கேட்டுப் பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பியானோ டெக்னீஷியன்ஸ் கில்ட் என்று ஒரு தொழில் சங்கம் இருக்கிறது. 1957-இல் இரண்டு பழைய சங்கங்கள் இணைந்து உருவானது. பிரிட்டனில் 1913-லேயே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். கில்ட் வைக்கும் தேர்வு மூன்று கட்டம்: எழுத்துத் தேர்வு, பழுது மற்றும் ரெகுலேஷன் செய்முறை, டியூனிங். டியூனிங் தேர்வில், மூத்த டியூனர்கள் கூடி ஒரு பியானோவைச் சுருதி சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்வார்கள். பிறகு அதைக் கலைத்துவிட்டு, தேர்வு எழுதுபவரைச் சுருதி சேர்க்கச் சொல்வார்கள். கம்பிக்குக் கம்பி ஒப்பிட்டு மார்க், 80 சதவீதம் வாங்கினால்தான் பாஸ். பிள்ளை இந்தத் தேர்வை எழுதுகிறாளோ இல்லையோ, அதன் பாடத்திட்டத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். எதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல இங்கே வேறு அளவுகோல் இல்லை.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. பழைய பியானோவைத் திறந்தால் கட்டையின் பக்கவாட்டிலோ உள் மரத்திலோ, முன்பு வேலை பார்த்தவர் பென்சிலால் தேதியும் கையெழுத்தும் போட்டிருப்பார், சிலர் சுருதி எவ்வளவு இறங்கியிருந்தது என்பதைக்கூடக் குறித்திருப்பார்கள். அடுத்து வருபவருக்கு அது பெரிய உதவி. தொழில் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். முந்தினவர் வேலையைச் சொந்தக்காரரிடம் மட்டம் தட்டிப் பேசினால், செய்தி கோவைக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகாது.

இப்போதைக்கு என் திட்டம் இது. பி.காம். சேருங்கள், கல்லூரியிலோ தொலைநிலையிலோ. கணக்கு எழுதத் தெரிந்த டெக்னீஷியன் குறைவு, அந்தப் படிப்பு வீண்போகாது. கைவேலையில் பிள்ளைக்கு நிஜமாகவே ஈடுபாடு என்றால் ஐ.டி.ஐ.யில் ஒரு வருட கார்பென்டர் டிரேடு அதைவிட நல்லது. உளியும் பசையும் பிடித்த கைக்கு பியானோ எளிது. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ நேரில் போய்ப் படித்தால் (தொலைநிலைக்குக் கிடையாது) தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். லீவு நாட்களில் டெக்னீஷியன் கூடப் போய் நிற்கட்டும். முதல் ஆறு மாதம் கம்பியைத் தொட விட மாட்டார், தூசு தட்டச் சொல்வார், திருகு பொறுக்கச் சொல்வார். அதில் சலிப்பு வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கூடவே ஹார்மோனியம் பழுதும் கீபோர்டு பழுதும் கற்றுக்கொண்டால் முதல் வருடங்களில் கை வறளாது. ஹார்மோனியத்தில் பித்தளை நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஒரு நாள் கூட உட்கார்ந்தால் உங்களுக்கே வந்துவிடும்.

பழகுவதற்குப் பழைய பியானோ வாங்கித் தரத் தோன்றும். தெரிந்தவர் யாரும் பார்க்காமல் வாங்காதீர்கள். இரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்தாலோ, ஆணிகள் மரத்தில் தளர்ந்திருந்தாலோ, ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். ஏற்றி இறக்கும் வண்டிக்கூலிதான் மிச்சம்.

பெண்பிள்ளை விஷயம். லீவரைத் திருப்பப் பலத்தைவிடத் தோள்பட்டையை எப்படி வைக்கிறோம் என்பதுதான் கணக்கு. கிராண்ட் பியானோவைக் கவிழ்ப்பது ஆண்களானாலும் ஒருவரால் ஆகாது, கூட ஆள் வேண்டும். வீடுகளுக்குப் போவதில் உங்கள் பயம் நியாயம்தான். முதல் சில வருடங்கள் பள்ளி, சர்ச், ஸ்டூடியோ என்று நிறுவனங்களின் வேலையை மட்டும் எடுக்கட்டும், தெரியாத வீடுகளுக்குக் குருவோடு போகட்டும். ஆளில்லாத வீட்டில் வேலை ஒப்புக்கொள்வதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு "சர்வீஸ் இன்ஜினியர்" என்று சொல்லிவையுங்கள், பொய்யும் இல்லை. அந்த டெக்னீஷியனுக்குப் போன் செய்யும்போது நீங்கள் பேசாமல் பிள்ளையைப் பேசவிடுங்கள். "சம்பளம் வேண்டாம், அடுத்த முறை ஏற்காட்டுக்குப் போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். வரச் சொன்னால், கிளம்பும்போது ஸ்வெட்டரும் டார்ச்சும் கொடுத்து அனுப்புங்கள். பழைய பியானோவின் உள்ளே வெளிச்சமே இருக்காது.